கையில் ஒரு திருப்புளி: வீட்டுப் பழுது கேள்வி–பதில்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. சொட்டும் குழாய், ஒழுகும் மாடி, இறைக்காத மோட்டார். மழைக்காலம் நெருங்குவதால் மாடிக்கும் கதவுக்கும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள்: எதைக் கழற்றினாலும் அந்தப் பழைய பாகத்தைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ‘அரை இஞ்ச் குழாய்க்கு ஸ்பிண்டில்’ (குழாயைத் திறந்து மூடும் உள்பாகம்) என்று வாயால் கேட்டு வாங்கிவந்தால் பத்துக்கு எட்டு பொருந்தாது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். குளியலறைக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளம்பரைக் கூப்பிட்டு ஸ்பிண்டில் மாற்றுகிறோம். நாமே மாற்ற முடியுமா? அடிக்கடி போகாமல் இருக்க என்ன வழி?
– வாசகி, வில்லாபுரம்

தாராளமாக நீங்களே மாற்றலாம். முதலில் உங்கள் குழாய் எந்த ரகம் என்று பாருங்கள். பிடியைக் கால் சுற்று திருப்பினாலே முழுக்கத் திறந்தால் அது செராமிக் டிஸ்க் ரகம். பல சுற்று சுற்றி மூடினால் பழைய வாஷர் ரகம்.

செராமிக் ரகத்தில் ஸ்பிண்டிலுக்குள் இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழவழப்பாக ஒட்டி நகரும். அவற்றுக்கு நடுவே மணல் துணுக்கோ உப்புப் பொருக்கோ சிக்கினால் வில்லையில் கீறல் விழும். கீறல் விழுந்த வில்லை, எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீரை நிறுத்தாது. இறுக்க இறுக்கப் பிடியின் பல்தான் தேயும். ஆகவே சொட்ட ஆரம்பித்ததும் இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள்.

மாற்றும் முறை: மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். தரையில் இருக்கும் வடிகால் ஜாலியின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். ஸ்குரூ உள்ளே விழுந்தால் திரும்பக் கிடைக்காது. பிடியின் மேல் சிவப்போ நீலமோ ஒரு சின்ன மூடி இருக்கும். அதை ஊசியால் நெம்பினால் உள்ளே ஸ்குரூ தெரியும். ஸ்குரூவைக் கழற்றிப் பிடியை நேராக மேலே இழுங்கள். உப்புப் பிடித்து வர மறுத்தால் சுத்தியலால் தட்ட வேண்டாம். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்துவிட்டு மறுபடி இழுங்கள். பிடிக்குக் கீழே உள்ள பளபளப்பான உறையைக் கையால் சுழற்றி எடுத்தபின், ஸ்பிண்டிலின் அறுகோணப் பகுதியில் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். அப்போது மற்ற கையால் குழாயின் உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் குழாயே சுவரில் சுழன்று, உள்ளே இருக்கும் மரை இளகி, சொட்டு நின்று கசிவு தொடங்கிவிடும்.

கடையில் பழைய ஸ்பிண்டிலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மூன்று விஷயங்களை ஒப்பிடுங்கள்: மொத்த நீளம், மரையின் விட்டம், பிடி உட்காரும் பல்லின் எண்ணிக்கை. பல் எண்ணிக்கை ஒன்றிரண்டு வித்தியாசப்பட்டாலும் பிடி ஏறாது, அல்லது ஏறி நழுவும். வலது பக்கம் திறப்பதா இடது பக்கம் திறப்பதா என்பதையும் பாருங்கள். பூட்டும் முன் குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவி உப்புப் பொருக்கைத் துடைத்து, வால்வை ஒரு நொடி திறந்து அழுக்கை வெளியே தள்ளுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான். புது வில்லையில் முதல் நாளே கீறல் விழுவதற்கு இதுதான் காரணம். பிறகு கையால் முழுக்க ஏற்றி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும்.

அடிக்கடி போகாமல் இருக்க, மாடித் தொட்டியின் அடியில் சேரும் மணலை வருடம் இரண்டு முறை கழுவி வெளியேற்றுங்கள். போர் தண்ணீர் தொட்டிக்கு ஏறும் இடத்தில் ஒரு வலை வடிகட்டி போட்டால் நல்லது. குழாய் வாயில் இருக்கும் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். உப்போடு சேர்த்துக் குரோம் பூச்சையும் உரித்துவிடும்.

உங்களுடையது பழைய வாஷர் ரகம் என்றால் ஸ்பிண்டில் மாற்றவே தேவையில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மட்டும் மாற்றுங்கள். கடுமையான உப்புத் தண்ணீருக்கு அந்தப் பழைய ரகமே மேல் என்பது எங்கள் கருத்து. தோட்டத்துக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் அதையே போடலாம்.

திரைச்சீலைக் கம்பி, அலமாரி, கண்ணாடி மாட்ட ஒரு டிரில் மெஷின் வாங்க நினைக்கிறேன். கடையில் இம்பாக்ட், ஹாமர், பேட்டரி என்று பல ரகம் காட்டுகிறார்கள். எது சரி? போன முறை ஒருவர் போட்ட ஓட்டையில், உள்ளே செருகிய பிளாஸ்டிக் பிளக்கோடு ஸ்குரூ வெளியே வந்துவிட்டது.
– வாசகர், கே.கே. நகர், மதுரை

வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் 13 மி.மீ. சக் (துளைக்கும் பிட்டைக் கவ்வும் வாய்) உள்ள, 550 முதல் 650 வாட் வரையிலான இம்பாக்ட் டிரில். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை, முன்னும் பின்னும் சுழலும் வசதி, இம்பாக்டை, அதாவது சுழலும்போதே சுத்தியல்போல் தட்டும் அதிர்வை, நிறுத்தும் சுவிட்ச் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். செங்கல் சுவர், மரம், இரும்புத் தகடு எல்லாவற்றுக்கும் இது போதும். பேட்டரி ரகம் மரவேலைக்கும் ஸ்குரூ முடுக்கவும் சுகமானது. ஆனால் மாதக்கணக்கில் எடுக்காமல் வைத்தால் பேட்டரி வீணாகும். எப்போதாவது வேலை செய்யும் வீட்டுக்கு ஒயர் உள்ளதே லாபம்.

இதற்குப் பணியாத இடம் கான்கிரீட். திரைச்சீலைக் கம்பி மாட்டும் இடம் பெரும்பாலும் ஜன்னலுக்கு மேலே உள்ள லிண்டல். அது கம்பி கட்டிய கான்கிரீட். இம்பாக்ட் டிரில் அங்கே ஒரு செ.மீ. போனதும் நின்று கத்தும். அழுத்தினால் பிட்டின் நுனி பழுத்து நீலமாகும், அதோடு அந்தப் பிட் தீர்ந்தது. அந்த வேலைக்கு ரோட்டரி ஹாமர் வேண்டும். நாலு ஓட்டைக்காக அதை வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள், அல்லது எலக்ட்ரீஷியனிடம் ஓட்டை மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இனி, பிளக் பிடுங்கிக்கொண்டு வந்த கதை. செங்கலுக்கு மேல் இருக்கும் பூச்சு 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 25 மி.மீ. பிளக்கில் பாதிக்கு மேல் அந்தப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். பூச்சு வெறும் சிமென்ட்டும் மணலும். எடை தாங்காமல் பொடிந்து விழும். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலில் உட்கார வேண்டும். அதனால் அலமாரிக்கு 8 மி.மீ. பிட், 50 மி.மீ. நீளப் பிளக், 10-ஆம் நம்பர் ஸ்குரூ. படம், சின்னக் கண்ணாடிக்கு 6 மி.மீ. பிட், 35 மி.மீ. பிளக், 8-ஆம் நம்பர் ஸ்குரூ. ஸ்குரூவின் நீளம், மாட்டும் பொருளின் கனமும் பிளக்கின் நீளமும் சேர்ந்த அளவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும்.

ஓட்டை போடும்போது: பிட்டில் தேவையான ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வையுங்கள். பிளக்கைவிட 5 மி.மீ. அதிகம் போகட்டும், தூசி தங்க இடம் வேண்டும். முதலில் இம்பாக்ட் இல்லாமல் மெதுவாக ஒரு குழி விழவைத்து, பிறகு இம்பாக்டைப் போடுங்கள். இரண்டு மூன்று முறை பிட்டை வெளியே இழுத்துத் தூசியைத் தள்ளுங்கள். வெளிவரும் தூள் முதலில் சாம்பல் நிறம், பிறகு செங்கல் சிவப்பு. சிவப்பே வரவில்லை, சாம்பலாகவே வந்து பிட் திணறினால் கான்கிரீட். தொடக்கத்திலேயே பிட் பொத்தென்று உள்ளே போனால் ஹாலோ பிளாக்கின் பொந்து அல்லது இரண்டு செங்கலுக்கு நடுவில் உள்ள சாந்து. அந்த ஓட்டையை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். பெரிதாகிப்போன ஓட்டையில் தீக்குச்சி திணித்துச் சமாளிப்பது காலண்டருக்குச் சரி. பாத்திரம் அடுக்கும் அலமாரிக்குக் கூடவே கூடாது.

டைல்ஸ் என்றால் குறியிடும் இடத்தில் பேப்பர் டேப்பை ஒட்டி, இம்பாக்டை நிறுத்தி, டைல்ஸ் பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். டைல்ஸைத் தாண்டியபின்தான் சுவர்ப் பிட்டும் இம்பாக்டும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், அதே மட்டத்தில் இரு பக்கமும் ஓட்டை போடாதீர்கள். ஒயர் போகும் பைப் அந்த வழியில்தான் இருக்கும்.

மாசி வீதி பக்கம் தாத்தா காலத்து வீடு. சுவரில் ஆணி அடித்தாலே தட்டுத் தட்டாகப் பெயர்கிறது. சிமென்ட் வைத்துப் பூசினோம், ஒரு வருடத்தில் அதுவும் விழுந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

அது சுண்ணாம்புக் காரைச் சுவர். சுவரில் ஏறும் ஈரத்தை சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒட்டுக்குப் பின்னால் தேங்கும். உப்பு அங்கே பூத்து, ஒட்டை அப்படியே தள்ளிவிடும். பழுதான இடத்தை அதே இனத்தால்தான் ஒட்ட வேண்டும். நன்றாக ஊறி நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. சுவரை முதலில் நன்றாக நனைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் போகாமல் பூசி, ஒரு வாரம் ஈரம் காயாமல் தெளித்து வாருங்கள். சுண்ணாம்பு இறுக நாளாகும், பொறுமை வேண்டும். மேலே வெள்ளையடிக்கலாம். புட்டியும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் வேண்டாம்.

ஆணி அடிப்பதை விடுங்கள். இம்பாக்டும் கூடாது, அந்த அதிர்வில்தான் காரை கழன்று விழுகிறது. சாதாரணச் சுழற்சியில் துளைத்து நீளமான பிளக் போடுங்கள். கனமான பொருளை மரத்தூணிலோ உத்திரத்திலோ தொங்கவிடுவதுதான் அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. சில நேரம் கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?
– வாசகி, திருமங்கலம்

பெரும்பாலும் கண்டென்சர்தான். தள்ளிவிட்டால் ஓடுகிறது என்பதே அதற்கு அடையாளம். சித்திரை, வைகாசியில் இரவும் பகலும் ஓடும் விசிறியில், கூரையை ஒட்டிய சூட்டிலேயே இருந்து கண்டென்சரின் திறன் குறைந்துபோகும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். நிதானமாக வெகுநேரம் சுற்றினால் பேரிங் நல்லது. கரகரவென்று சத்தம் போட்டு உடனே நின்றால் பேரிங் பழுது. அது கடையில் செய்யும் வேலை. இன்னொன்று: ரெகுலேட்டரை 5-இல் வைத்தால் சரியாக ஓடி, 2, 3-இல் மட்டும் மக்கர் செய்தால் குற்றவாளி ரெகுலேட்டர்.

கண்டென்சர்தான் என்று உறுதியானால், சுவிட்சை மட்டும் அல்ல, அந்த அறையின் எம்.சி.பி.யையும் அணையுங்கள். சுவிட்ச் சில வீடுகளில் நியூட்ரலில் இருக்கும், அப்போது சுவிட்சை அணைத்தாலும் விசிறியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அலுமினிய ஏணியில் ஏறி மின்வேலை செய்யாதீர்கள், மர ஸ்டூல் போதும். மேல் கிண்ணத்தை இறக்கினால் உருளையாகவோ கட்டையாகவோ கண்டென்சர் தெரியும். உறையுள்ள திருப்புளியின் நுனியால் அதன் இரண்டு முனைகளையும் ஒரு முறை சேர்த்துத் தொட்டு, மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். ஒயர் நிறங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். சாதாரண 48 அங்குல விசிறியில் பெரும்பாலும் 2.5 எம்.எஃப்.டி., 440 வோல்ட் என்று எழுதியிருக்கும். உங்களுடையதில் எழுதியிருக்கும் எண்ணையே வாங்குங்கள். வேகம் கூடும் என்று 3.15 போடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூடவே மோட்டாருக்குள் இருக்கும் காயிலும் (கம்பிச் சுற்று) சூடாகும். கண்டென்சருக்கு இரண்டு ஒயர்தான், எதை எங்கே சேர்த்தாலும் சரி. முறுக்கி, டேப் சுற்றி, கிண்ணத்தை ஏற்றுங்கள்.

ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. விசிறியை இப்படித் திறக்காதீர்கள். அதற்குள் இருப்பது சர்க்யூட் போர்டு.

மொட்டை மாடி ஒழுகுகிறது. போன வருடம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். இந்த வருடம் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது. ஐப்பசிக்குள் சரிசெய்ய வேண்டும்.
– வாசகர், மேலூர்

கொப்புளம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அக்ரிலிக் பூச்சு காய்ந்த தளத்தில் மட்டும் ஒட்டும். தளத்துக்குள் ஈரம் இருக்கும்போது அடித்தால், வெயில் ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தூக்கும். சிமென்ட் கலந்து அடிக்கும் இரண்டு பாக ரகப் பூச்சுக்கு நேர் எதிர்: தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே அடிக்க வேண்டும். காய்ந்த சூட்டுத் தளத்தில் அடித்தால் சிமென்ட் இறுகத் தேவையான தண்ணீரைத் தளம் உறிஞ்சிவிடும், பூச்சு தூளாகப் போகும். டின்னைப் படிக்காமல் ஒன்றை மற்றதைப் போல அடிப்பதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

பெயின்ட் ஒரு போர்வை மட்டுமே. ஒழுகும் வாய் வேறு இடத்தில் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை மாடியின் உயரமான மூலையில் ஊற்றி, எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள். நான்கு அங்குலக் குழாய் ஒன்று, மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழையில் சுமார் 40 சதுர மீட்டர் மாடியின் தண்ணீரைத்தான் இறக்கும். ஆயிரம் சதுர அடி மாடிக்கு ஒரே ஒரு குழாய் இருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. முதலில் குழாயைக் கூட்டுங்கள்.

அடுத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. ஒழுகல் அதிகம் தொடங்குவது அங்கேதான். வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது அந்த மூலை பிளக்கும். உளியால் பொருக்கைத் தட்டி எடுத்து, இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, சிமென்ட் 1, சலித்த மணல் 3 என்ற கலவையில், ஒட்டும் திறனைக் கூட்டும் லேடெக்ஸ் திரவத்தைச் சேர்த்து (டின்னில் சொன்ன அளவு), மூலை முழுக்க இரண்டு முதல் மூன்று அங்குலத்துக்கு உருண்டையான சரிவு வைத்துப் பூசுங்கள். கொத்தனார்கள் இதை கோலா என்பார்கள். தளத்தில் உள்ள விரிசலை அப்படியே மேலே பூசி மூடக் கூடாது. 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, தூசியை ஊதி, அதே கலவையால் அடைக்க வேண்டும். ஏழு நாள் நனைத்து வாருங்கள்.

பழைய கொப்புளப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுப் பூச்சு. முதல் கோட், அது ஈரமாக இருக்கும்போதே மூலைகளிலும் விரிசல்களின் மேலும் கண்ணாடி இழை வலை, காய்ந்ததும் முதல் கோட்டுக்குக் குறுக்காக இரண்டாவது கோட். மேலூர் வெயிலில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை பிரஷ்ஷைத் தொடாதீர்கள். விடிகாலை நல்லது. ஒரு வாரம் கழித்துக் குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்தி, கீழே வீட்டுக்குள் கூரையைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களாகச் செய்யக் கூடாது. கூரையின் அடியில் துருக்கறை தெரிந்து, பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. உடனே ஒரு சிவில் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

கழிப்பறைத் தொட்டியிலிருந்து தண்ணீர் கசிகிறதோ என்று சந்தேகம். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் மாடித் தொட்டி சீக்கிரம் காலியாகிறது.
– வாசகி, அவனியாபுரம்

ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கீழே பேசினில் நீலம் தெரிந்தால் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது அல்லது உப்புக் கட்டியிருக்கிறது. கழற்றித் துடைத்துப் பாருங்கள், நிற்கவில்லையென்றால் வாஷரை மாற்றுங்கள். தண்ணீர் மட்டம் நடுவில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்வரை ஏறினாலும் இப்படித்தான் வீணாகும். மிதவையின் ஸ்குரூவைத் திருகி மட்டத்தை அந்த வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்துங்கள்.

மழை வந்தால் முன் கதவு நிலையில் இறுகி மூட முடியவில்லை. ஆசாரி இழைத்துத் தந்தார், கோடையில் பெரிய சந்து விழுந்துவிட்டது.
– வாசகர், உசிலம்பட்டி

மரம் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழையில் உப்பிய கதவை அப்போதே நிறைய இழைத்தால் பங்குனியில் சந்து விழத்தான் செய்யும்.

இழைப்புளியை எடுப்பதற்கு முன் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து பிடியை மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மேல் கீலின் ஸ்குரூ இளகி, கதவு தொங்கி, கீழ் முனை நிலையில் உரசுகிறது. ஸ்குரூவைக் கழற்றி, ஓட்டையில் மூங்கில் சிம்பைப் பசை தடவி அடித்து இறக்கி, காய்ந்ததும் சமமாக வெட்டி, முன்பு இருந்ததைவிட அரை அங்குலம் நீளமான ஸ்குரூவைப் போடுங்கள். பல கதவுகள் இதிலேயே சரியாகிவிடும்.

அதன் பிறகும் உரசினால், கார்பன் பேப்பரைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்து மூடித் திறங்கள். கறை படிந்த இடத்தில் மட்டும் இழையுங்கள், அதுவும் ஒரு காசு கனத்துக்கு மேல் போகாமல். பக்க விளிம்பை மர ரேகை போகும் திசையிலேயே இழைக்க வேண்டும். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும். ஒரே போக்காக ஓட்டினால் கடைசி முனை சிலும்பாகப் பெயரும். இழைத்த மரத்தைப் பச்சையாக விடாமல் அன்றே பிரைமரோ வார்னிஷோ இரண்டு கோட் அடியுங்கள். கதவின் தலைமாட்டு விளிம்பையும் அடி விளிம்பையும் பெயின்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். இந்த முறை வெயில் காலத்திலேயே கதவைக் கழற்றி அந்த இரண்டு விளிம்புக்கும் அடித்துவிட்டால் அடுத்த மழைக்கு இவ்வளவு உப்பாது.

சம்ப்பில் இருக்கும் அரை எச்.பி. மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து போட்டோம்.
– வாசகர், அலங்காநல்லூர்

உடனே அணையுங்கள். முனகும் மோட்டாரைச் சில நிமிடம் விட்டாலே காயில் கருகிவிடும். செல்ஃப் பிரைம் மோட்டாரில் உள்ளே சுற்றும் இம்பெல்லருக்கும் வார்ப்பு உடம்புக்கும் நடுவே உள்ள சந்து மிகக் குறைவு. ஓடாமல் கிடந்தால் துரு ஏறிப் பிடித்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க விசிறி மூடியின் நடுவே பாருங்கள். தண்டின் நுனியில் திருப்புளி வைக்கும் வெட்டு பல மோட்டாரில் இருக்கும். அதில் வைத்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். இளகி, கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும். சுற்றியும் முனகினால் கண்டென்சர். மோட்டார் தகட்டில் எழுதிய எண்ணுக்கே வாங்குங்கள். ஓட்டும் முன் மேலே உள்ள மூடியைக் கழற்றித் தண்ணீர் நிரப்ப மறக்காதீர்கள். உலர ஓடினால் சீல் கருகும். இனி வாரம் ஒரு நிமிடம் ஓட்டினால் பிடிக்காது.

ஹீட்டர் போட்டால் எம்.சி.பி. விழுகிறது. பெரிய எம்.சி.பி. மாற்றிவிடலாமா?
– வாசகர், செல்லூர்

கூடாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஹீட்டரை அல்ல, சுவருக்குள் போகும் ஒயரை. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். லைட்டுக்கு இழுத்த மெல்லிய ஒயரில் 6 ஆம்பியர் எம்.சி.பி. விழுவது அதன் கடமை. பெரியதை மாட்டினால் எம்.சி.பி. விழாது, ஒயர் எரியும். ஹீட்டருக்குப் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், எர்த் ஒயர், 16 ஆம்பியர் பிளக், 16 ஆம்பியர் எம்.சி.பி. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

புதிதாக வீட்டுக்கு வந்திருக்கிறோம். முதலில் என்னென்ன கருவிகள் வாங்கலாம்? நூறு பொருள் உள்ள பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகி, திருப்பரங்குன்றம்

அந்தப் பெட்டியை விடுங்கள். அதில் எண்பது பொருளைத் தொடவே மாட்டீர்கள், மிச்ச இருபதும் முதல் முறை அழுத்தும்போதே வளையும். அதே பணத்துக்கு ஏழெட்டு நல்ல சாமான் வாங்கலாம்.

முதலில் இரண்டு திருப்புளி: 2-ஆம் நம்பர் நட்சத்திரம், 6 மி.மீ. தட்டை. தண்டில் குரோம் வெனடியம் என்று பொறித்திருக்கட்டும். மலிவு இரும்பின் நுனி உருண்டு, ஸ்குரூவின் தலையையும் கெடுத்துவிடும். கடையிலேயே ஒரு ஸ்குரூவில் வைத்துப் பாருங்கள், ஆடாமல் உட்கார வேண்டும். அடுத்து 8 அங்குலக் கட்டிங் பிளேயர், பிடியில் 1000 வோல்ட் குறி உள்ளது. வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் வெட்டும் இடத்தில் கீற்று வெளிச்சம் தெரியக் கூடாது. 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வாங்கும்போது நகரும் தாடையை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமானால் நட்டின் முனைகளை உருட்டிவிடும். பயன்படுத்தும்போது அசையாத தாடையின் பக்கம் இழுவிசை வரும்படி திருப்ப வேண்டும்.

5 மீட்டர் டேப் ஒன்று. அதன் நுனிக் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்துப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொக்கியின் கனத்தை ஈடுகட்டவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மாட்டி அளந்தாலும் முட்டி அளந்தாலும் கணக்கு ஒன்றாக வரும். ரசமட்டம் வாங்கினால் சுவரில் வைத்துப் பார்த்து, முனையை மாற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழ் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆணி பிடுங்கும் வாயுள்ள சுத்தியல், ஹேக்ஸா பிரேமும் அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடும் (பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும்), ஒரு டெஸ்டர். டெஸ்டரை எப்போதும் கரண்ட் இருக்கும் பாயின்ட்டில் முதலில் வைத்து, எரிகிறதா பார்த்த பிறகே சந்தேகமான இடத்தில் வையுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதால் மட்டும் எந்த ஒயரையும் தொடாதீர்கள்.

டெஃப்லான் டேப், இன்சுலேஷன் டேப், எம்-சீல், தையல் மெஷின் எண்ணெய் ஆகியவை பெட்டியில் கிடக்கட்டும். கீலுக்கும் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். டிரில்லும் பைப் ரிஞ்சும் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

குழாயைப் புதிதாக மாட்டினேன், டெஃப்லான் டேப் நிறையச் சுற்றியும் மரையில் கசிகிறது. பக்கத்தில் சி.பி.வி.சி. பைப் ஒட்டிய இடத்திலும் வியர்க்கிறது.
– வாசகர், வாடிப்பட்டி

டேப்பைச் சுற்றிய திசை தவறு என்று தோன்றுகிறது. குழாயின் மரை முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். மெல்லிய டேப் என்றால் 12 முதல் 15 சுற்று. அதற்கு மேல் சுற்றி அழுத்தி முடுக்கினால் சுவருக்குள் இருக்கும் எல்போ பிளந்துவிடும். பிறகு டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். குழாயின் வாய் நேராக வராவிட்டால் இடப்பக்கம் திருப்பி நிறுத்தாதீர்கள், இளகியதும் கசியும். கழற்றி, ஒன்றிரண்டு சுற்று கூட்டியோ குறைத்தோ மறுபடி போடுங்கள்.

ஒட்டிய இடத்தை மேலே எம்-சீல் பூசிச் சமாளிக்க முடியாது, வெட்டி எடுத்துவிட்டுப் புது கப்ளிங் போடுங்கள். சி.பி.வி.சி.க்கு அதற்கான சால்வென்ட்தான், பி.வி.சி. பசை பிடிக்காது. ஹேக்ஸாவால் நேராக வெட்டி, பிசிறைக் கத்தியால் எடுத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தாலும் ஒட்டு கெடும். அதனால் பைப்பை முழுக்க வடிய விட்ட பிறகே தொடங்குங்கள். பைப்பின் வெளியிலும் கப்ளிங்கின் உள்ளேயும் மெல்லிதாகத் தடவி, கால் சுற்று திருப்பிக்கொண்டே அடி வரை தள்ளி, 30 விநாடி கையை எடுக்காமல் பிடியுங்கள். உடனே விட்டால் பைப் தானாகப் பின்னால் நழுவும். 24 மணி நேரம் தண்ணீர் விட வேண்டாம். பிறகு கடைசிக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வால்வை மெல்லத் திறந்து, காற்று முழுக்க வெளியேறியதும் குழாயை மூடுங்கள்.